கற்பனை எண் கம்பியேறிய வரலாறு

ஒரு மின்தடையும் ஒரு கம்பிச்சுருளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, அவற்றின் வழியே மாறுதிசை மின்சாரம் செலுத்தப்படுகிறது. மின்தடையின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டர் 30 வோல்ட் காட்டுகிறது. சுருளின் இரு முனைகளுக்கிடையே 40 வோல்ட். இரண்டையும் ஒருசேர அளந்தால் 70 வரவேண்டும், வருவதோ 50. கருவியில் பழுதில்லை, இணைப்பிலும் பிழையில்லை.

பாலிடெக்னிக் மாணவர் இன்று ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் செய்து முடித்துவிடும் சோதனை இது. 1880களின் பொறியாளர்களுக்கோ இது அன்றாடத் தொழிலையே குழப்பிய புதிர். அப்புதிரை அவிழ்க்கப் புதிய இயற்பியல் விதி எதுவும் தேவைப்படவில்லை என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. தேவைப்பட்டவை ஒரு புதுவகை எண்ணும், அதனைக் கையாளுவதற்கான சில சொற்களும் மட்டுமே. அவற்றைத் தந்தவர்களுள் முதன்மையான மூவரில் ஒருவர்கூட மின்பொறியியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டில் முடங்கியிருந்த தந்தி அலுவலர். இன்னொருவர் பம்பாயின் கொலாபாவில் பிறந்து, பல்கலைக்கழகப் படியேறாமலே ஆய்வகம் புகுந்தவர். மூன்றாமவர் முனைவர் பட்டம் கைக்கு எட்டும் தறுவாயில் நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்தவர்.

பின்னணியைச் சுருக்கமாகக் காணலாம். ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியாசிரியர் கியோர்க் ஓம், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள நேர்விகிதத்தை விளக்கும் நூலை 1827இல் வெளியிட்டார். அவர் எதிர்பார்த்த மதிப்பு சொந்த நாட்டில் கிடைக்கவில்லை; பதவியையும் விட்டு விலகினார். லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது 1841இல்தான். அதற்கு நான்காண்டுகளுக்குப் பின், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்த குஸ்தாவ் கிர்க்காஃப், கிளைகள் பலவுடைய சுற்றுகளுக்கும் பொருந்தும் இரு விதிகளைத் தந்தார். ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமம். ஒரு மூடிய சுற்றை முழுதாகச் சுற்றிவந்தால் மின்னழுத்தங்களின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று நேர்செய்துவிடும். மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளையின் வரவு செலவு ஒழுங்குதான் இது. மின்கலத்திலிருந்து ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கு இவ்வொழுங்கு பிசகியதே இல்லை.

மாறுதிசை மின்சாரம் பிறந்தபோது அதை ஒரு குறைபாடாகவே கருதினர். ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மறு ஆண்டே, பாரிஸ் நகரின் கருவி வினைஞர் ஹிப்போலிட் பிக்ஸி, கையால் சுற்றும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார். காந்தம் சுழலச் சுழல மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசைமாறி வந்தது. 'ஒழுங்கற்ற' இம்மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப, ஆம்பியரின் யோசனைப்படி அக்கருவியில் திசைமாற்றி ஒன்று பொருத்தப்பட்டது. இயல்பாகக் கிடைத்த ஒன்றை வேண்டாமென்று திருத்திப் பயன்படுத்தும் வழக்கம் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீடித்தது எனலாம். தமிழகப் பாடநூல்கள் 'மாறுதிசை மின்னோட்டம்' என எழுதுவதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஆடலோட்டம்' என்கின்றன. திசை மாறுவதை மட்டும் சொல்லாமல், ஊஞ்சல்போல் சீராக ஆடுவதையும் உணர்த்துவதால் இலங்கைச் சொல்லே பொருளுக்கு ஒரு படி அருகில் நிற்கிறது.

திருத்தாமல் அப்படியே பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது மின்மாற்றி. புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர் மூவர் 1885இல் நடைமுறைக்கு உகந்த மின்மாற்றியை உருவாக்கினர். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். அதனால் அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தி, மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதே கம்பியில் இழப்பு நூறில் ஒன்றாகும். அழுத்தத்தை இவ்வாறு எளிதில் ஏற்றி இறக்கும் வசதி அன்று மாறுதிசை மின்சாரத்துக்கு மட்டுமே இருந்தது. சிக்கலும் அங்கேயே தொடங்கியது. கம்பி நீளநீளக் கணக்கு உதைத்தது.

லண்டனுக்குக் கிழக்கே டெப்ட்ஃபோர்டில் இளைஞர் செபாஸ்டியன் தி ஃபெர்ராண்டி ஒரு பெரும் மின்நிலையத்தை எழுப்பி, 10,000 வோல்ட் அழுத்தத்தில் நிலத்தடிக் கம்பிவடம் வழியே நகருக்குள் மின்சாரம் அனுப்பினார். 1890ஐ ஒட்டி அங்கே காணப்பட்ட விந்தை இது: அனுப்பும் முனையில் இருந்ததைவிட மறுமுனையில் மின்னழுத்தம் கூடுதலாக இருந்தது. மதகில் உள்ளதைவிடக் கடைமடையில் நீர்மட்டம் உயர்ந்து நிற்பதைப்போல. இன்றளவும் அதற்கு ஃபெர்ராண்டி விளைவு என்றே பெயர். வீண்செலவு ஒருபுறமிருக்க, காப்புறை தாங்குமா என்ற அச்சமும் இதில் அடங்கியிருந்தது. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் எழும் என்று முன்கூட்டியே கணிக்க முடியாத ஒன்றை ஒரு நகரத்தின் தெருக்களுக்கு அடியில் புதைத்துவைக்க எவரும் துணியார்.

முதலில் சொன்ன 30, 40, 50 புதிருக்கு வருவோம். மின்தடையின் எதிர்ப்பு, ஓடும் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தது. கம்பிச்சுருளின் எதிர்ப்போ அளவைப் பொறுத்ததன்று. மின்னோட்டம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஃபாரடேயின் கண்டுபிடிப்பின் சாரம் இதுதான். ஊஞ்சலை எண்ணிப் பார்க்கலாம். அது உச்சிக்குச் சென்று திரும்பும் கணத்தில் நகர்ச்சியே இல்லை. நடுவழியைக் கடக்கும்போதுதான் விரைவு மிகுதி. மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மாறுவதில்லை. சுழியைக் கடக்கும்போதே மிக விரைவாக மாறுகிறது. எனவே மின்தடையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது சுருளின் அழுத்தம் சுழி. சுருளின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மின்தடையின் அழுத்தம் சுழி. ஒன்று மற்றதைவிடக் கால் சுழற்சி முந்துகிறது. கிர்க்காஃபின் விதி ஒவ்வொரு கணத்திலும் மீறப்படாமல்தான் இருக்கிறது. வோல்ட்மீட்டர் கணத்துக்குக் கணம் நிகழ்வதைக் காட்டாமல் ஒரு வகைச் சராசரியைக் காட்டுவதால், வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொடும் இரு அளவுகளை வெறுமனே கூட்ட முடிவதில்லை.

இதனைக் கணித்துவிட வகைக்கெழுச் சமன்பாடுகள் அன்றே இருந்தன. கேம்பிரிட்ஜில் பயின்ற ஒருவர் ஒரு சுருளும் ஒரு தடையும் கொண்ட சுற்றை அரைப் பக்கத்தில் தீர்த்துவிடுவார். ஆனால் பத்துக் கிளைகள் கொண்ட வலையமைப்பை, தொழிற்சாலையில், வரைபலகையின் முன் நின்றுகொண்டு தீர்ப்பது வேறு வேலை.

சொற்கள் முதலில் வந்தன. அவற்றைத் தந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. 1850இல் லண்டனின் கேம்டன் டவுனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருக்குச் சிறுவயதிலேயே நோயால் காது மந்தமாயிற்று. 16 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. சிலகாலம் தந்தி நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபின் 1874இல் அதையும் துறந்து, பெற்றோர் வீட்டின் அறையொன்றில் அமர்ந்து மேக்ஸ்வெல்லின் நூலைத் தாமே கற்றார். 'எலக்ட்ரிசியன்' என்னும் தொழில் இதழில் தொடர்ந்து எழுதினார். இன்று உலகெங்கும் வழங்கும் இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ், அட்மிட்டன்ஸ், ரிலக்டன்ஸ் ஆகியவை 1880களின் பிற்பகுதியில் அவர் பேனாவிலிருந்து வந்தவை.

அவர் சொல்லாக்கத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட கம்பிக்கோ சுருளுக்கோ உரிய மொத்தப் பண்பைக் குறிக்க '-அன்ஸ்' என்னும் ஈறு. செம்பு, இரும்பு போன்ற பொருளுக்கே இயல்பாய் உரிய பண்பைக் குறிக்க '-இவிட்டி' என்னும் ஈறு. மொழியியலார் ஈறுகளின் ஆக்கத்திறன் என்று பேசும் பண்பை, மொழியியல் படிக்காத ஒருவர் அறிவியலின் தேவைக்காக வகுத்துக்கொண்டார். இம்பீடன்ஸ் என்பதன் வேர் இலத்தீனில் காலைச் சிக்கவைத்தலைக் குறிக்கும் வினைச்சொல். தமிழில் அதற்கு நேர் எதிரே வைக்கத்தக்க சொல் 'கால்கட்டு'. அது ஏற்கெனவே திருமணத்துக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டதால் பாடநூலுக்குள் நுழைய வாய்ப்பில்லாமற் போயிற்று. பள்ளிப் பாடநூல்கள் மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு என மூன்று சொற்களை வகுத்துக்கொண்டிருக்கின்றன. ஆற்றலை வெப்பமாக உண்பது தடை. உண்ணாமல் வாங்கித் திருப்பித் தருவது மறுப்பு. இரண்டும் கூடிய மொத்தம் எதிர்ப்பு. தடை, மறுப்பு, எதிர்ப்பு மூன்றும் அன்றாட வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை. ஒரு துறையின் நெருக்குதலால் அவை தனித்தனிப் பொருள் ஏற்றுக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மாணவர் தடுமாறுவதும் இங்கேதான்: பெயர் மட்டும் பார்த்தால் மறுப்பு எது, எதிர்ப்பு எது என்று சொல்லிவிட முடியாது.

ஹெவிசைடு கண்ட உண்மையைக் கேட்க அன்றைய பிரிட்டிஷ் அஞ்சல்துறை ஆயத்தமாக இல்லை. தொலைபேசிக் கம்பியில் தூண்டல் இருந்தால் பேச்சு கெடும் என்பது அத்துறையின் செல்வாக்குமிக்க பொறியாளர் வில்லியம் ப்ரீஸின் உறுதியான நம்பிக்கை. தூண்டலைத் திட்டமிட்டுக் கூட்டினால்தான் பேச்சு சிதையாமல் நெடுந்தொலைவு செல்லும் என்று ஹெவிசைடு கணிதத்தால் காட்டினார். அஞ்சல்துறையிலேயே பொறியாளராக இருந்த தமையன் ஆர்தருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1887இல் ப்ரீஸின் இசைவின்மையால் வெளிவராது போயிற்று. அதே ஆண்டில் 'எலக்ட்ரிசியன்' இதழின் ஆசிரியர் மாறினார். ஹெவிசைடின் தொடரும் நின்றது. பின்னர் கெல்வின் போன்றோர் அவர் பக்கம் பேசினர்; 1891இல் ராயல் கழக உறுப்பினருமானார். ஆனால் தூண்டற்சுருள்களைக் கம்பியில் இடைவெளிவிட்டுச் செருகும் முறைக்குக் காப்புரிமையும் பணமும் பெற்றவர் அமெரிக்காவின் மைக்கேல் புப்பின். ஹெவிசைடுக்கு ஒரு காசும் வரவில்லை. பதவியில் இருப்பவரின் கருத்து அறிவியல் முடிவாகவும், பதவியற்றவரின் கணக்கு வெறும் கிறுக்காகவும் பார்க்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

அடுத்தவர் ஆர்தர் கென்னெலி. 1861இல் பம்பாய் கொலாபாவில் பிறந்த ஐரிஷ் வம்சாவழியினர். பதின்ம வயதிலேயே லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தின் அலுவலகத்தில் சிற்றூழியராகச் சேர்ந்து, அங்கிருந்த நூல்களைக் கொண்டே கற்றவர். கடலடித் தந்தி நிறுவனத்தில் பணியாற்றியபின் 1887 இறுதியில் அமெரிக்கா சென்று எடிசனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அக்காலம் எடிசனின் நேர்திசை மின்சாரத்துக்கும் வெஸ்டிங்ஹவுஸின் மாறுதிசை மின்சாரத்துக்கும் இடையே வணிகப் போர் மூண்டிருந்த காலம். மாறுதிசை மின்சாரம் உயிர்க்கொல்லி என்று நிறுவ ஹெரால்டு பிரவுன் என்பவர் 1888இல் எடிசனின் ஆய்வகத்தில் நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று காட்டினார். அச்சோதனைகளுக்கு உதவியவர் கென்னெலி. ஐந்தாண்டுகள் கழித்து, 1893 ஏப்ரலில், அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின்முன் 'இம்பீடன்ஸ்' என்ற தலைப்பில் அவர் படித்த கட்டுரை, மாறுதிசைச் சுற்றுகளின் எதிர்ப்பைக் கலப்பெண்ணாக எழுதிவிட்டால் ஓம் விதியை அப்படியே பயன்படுத்தலாம் என்று காட்டியது. எந்த மின்சாரத்தைப் பழிக்க ஆய்வகத்தில் துணைநின்றாரோ, அதற்கே கணித வாழ்வளித்தார். எடிசன் வரலாறுகளில் முதற்செய்தி தவறாமல் இடம்பெறுகிறது, இரண்டாவது அரிதாகவே.

சில மாதங்களில் அதே கருத்தை மிக விரிந்த அளவில் முன்வைத்தவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். 1865இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த முதுகுக் கூனல் அவருக்கும் வாய்த்தது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று முனைவர் பட்டத்தை நெருங்கியபோது, சோசலிச மாணவர் இயக்கத் தொடர்பால் காவல்துறை தேடியது. 1888இல் சூரிச்சுக்கு ஓடினார். பட்டம் கைநழுவியது. மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, கூன் விழுந்த குள்ள உருவமும் கையில் பணமின்மையும் ஆங்கில அறிவின்மையும் கண்டு அதிகாரிகள் அவரைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். உடன் வந்த நண்பர் பொறுப்பேற்றதால் உள்ளே விட்டனர். அமெரிக்கராகியபோது அவர் ஏற்ற நடுப்பெயர் 'புரோட்டியஸ்', மாணவப் பருவத் தோழர்கள் சூட்டிய பட்டப்பெயர். கிரேக்கத் தொன்மத்தில் விரும்பியவாறு உருமாறும் கடல் முதியவனின் பெயர் அது.

சிகாகோ, 1893 என்றதும் இந்திய வாசகருக்கு விவேகானந்தரும் அவரை அனுப்பிவைக்கப் பொருள் திரட்டிய சென்னை அளசிங்கப் பெருமாளும் நினைவுக்கு வருவர். சமய மாநாடு கூடியது செப்டம்பரில். அதே உலகக் கண்காட்சியை ஒட்டி ஆகஸ்டில் கூடிய பன்னாட்டு மின் மாநாட்டில்தான் ஸ்டைன்மெட்ஸ் தம் கட்டுரையைப் படைத்தார்: மின்பொறியியலில் கலப்பெண்களின் பயன் என்பது பொருள். கண்காட்சி வளாகம் முழுதும் வெஸ்டிங்ஹவுஸின் மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதற்கான எளிய கணக்கு பிறந்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் வழக்கமான வரிசைதான்.

அக்கணக்கின் உள்ளடக்கம் எளிது. 3 என்னும் எண்ணை எண்கோட்டில் வலப்புறம் நீளும் ஓர் அம்பாகக் கொள்வோம். அதை −1 ஆல் பெருக்கினால் அம்பு இடப்புறம் திரும்புகிறது; அரைச்சுற்று. இருமுறை பெருக்கினால் அரைச்சுற்றுத் தரும் எண் எதுவோ, அது ஒருமுறை பெருக்கும்போது கால்சுற்றுத் தரவேண்டும். −1இன் வர்க்கமூலம் என்பது அவ்வளவே: கால்சுற்றுத் திருப்பும் எண். 'கற்பனை' என்ற பெயரை 1637இல் தெகார்த் இழிவுக் குறிப்புடன் இட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது, இழிவும் ஒட்டிக்கொண்டது. அதைத் திருப்பமாகக் கண்டு முதலில் எழுதிய காஸ்பர் வெசெல் ஒரு நில அளவையாளர் என்பது பொருத்தமே. திசையும் தொலைவும் அளப்பவருக்கு அதில் கற்பனை எதுவும் தென்பட்டிராது.

கம்பிச்சுருளில் மின்னழுத்தம் மின்னோட்டத்தைக் கால் சுழற்சி முந்துகிறது. கற்பனை எண் கால்சுற்றுத் திருப்புகிறது. இவ்விரண்டையும் ஸ்டைன்மெட்ஸ் இணைத்தார். மின்னோட்டத்துக்கு ஆம்பியர் காலத்திலிருந்தே 'ஐ' என்ற எழுத்து வழங்கிவந்ததால், கணிதவியலாரின் 'ஐ'க்கு மாற்றாக 'ஜே' என்ற எழுத்தை வைத்தார். மின்பொறியாளர் உலகெங்கும் இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். 30 ஓம் மின்தடையும் 40 ஓம் சுருள் மறுப்பும் சேர்ந்தால் 30 + ஜே40. கிழக்கே 30 அடியும் வடக்கே 40 அடியும் நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து 50 அடி தொலைவில் நிற்பதுபோல, மொத்த எதிர்ப்பு 50 ஓம். அழுத்தம் மின்னோட்டத்தை ஏறத்தாழ 53 பாகை முந்தும். வகைக்கெழுச் சமன்பாடு பள்ளி இயற்கணிதமாகிவிட்டது. ஓமின் விதியும் கிர்க்காஃபின் விதிகளும் ஒரு சொல்லும் மாறாமல் மீண்டும் வேலை செய்தன. தொடரமைப்பு பழையது, அதில் நிற்கும் பெயர்ச்சொல் மட்டும் புதியது.

மின்தேக்கி இதற்கு எதிர்ப்புறம் திருப்பும்: அதில் மின்னோட்டம் முந்தும், அழுத்தம் பிந்தும். எனவே அதன் மறுப்பு கழித்தல் 'ஜே'. டெப்ட்ஃபோர்டில் கடைமடை உயர்ந்த மர்மமும் இதனால் தெளிவாயிற்று. நீண்ட கம்பிவடம் தன்னளவிலேயே ஒரு மின்தேக்கி. அதற்குள் முந்தி ஓடும் மின்னோட்டம் சுருள்தன்மையைக் கடக்கும்போது எழும் அழுத்தம், அனுப்பிய அழுத்தத்துக்கு எதிராக நில்லாமல் அதனோடு சேர்ந்துகொள்கிறது. கண்டென்சர் பொருத்திய வீட்டு மின்விசிறியிலும் இதே வேலைதான் நடக்கிறது. விசிறி மெதுவாகச் சுற்றினால் 'கண்டென்சர் போயிருக்கும்' என்பார் பழுதுபார்ப்பவர். இரண்டாம் சுருளின் மின்னோட்டத்தை முந்தச்செய்து, இரு சுருள்களும் வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொடுமாறு வைப்பதே கண்டென்சரின் பணி. அந்த நேர வேறுபாடு இல்லையேல் விசிறி உறுமுமே தவிரத் தானாகச் சுழலத் தொடங்காது.

பணக்கணக்கும் இதில் உண்டு. மேற்சொன்ன 50 ஓம் சுற்றுக்கு 230 வோல்ட் கொடுத்தால் 4.6 ஆம்பியர் ஓடும். இரண்டையும் பெருக்கினால் 1058. ஆனால் உண்மையில் செலவாகும் திறன், 30 ஓம் தடை உண்ணும் ஏறத்தாழ 635 வாட் மட்டுமே. எஞ்சிய மின்னோட்டக் கூறு ஒவ்வொரு சுழற்சியிலும் சென்று திரும்புகிறது. வேலை செய்வதில்லை, ஆயினும் கம்பியைச் சூடாக்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதமான 0.6 திறன் காரணி எனப்படும். அது தாழ்ந்தால் தொழிற்சாலைகளுக்கு மின்வாரியங்கள் கூடுதல் கட்டணம் விதிப்பதும், அதைத் தவிர்க்க ஆலைகளில் மின்தேக்கிகளை அடுக்கிவைப்பதும் இதனாலேயே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரே அதிர்வெண்ணில் சீராக ஆடும் மின்சாரத்துக்கு மட்டுமே அது செல்லும். சுவிட்சைத் தட்டும் கணத்துக்கும், கம்பியில் இடி விழும் கணத்துக்கும் பொருந்தாது. அத்தகைய கணங்களுக்கு ஹெவிசைடு வேறொரு குறுக்குவழிக் கணிதம் வகுத்திருந்தார். நிறுவல் போதவில்லை என்று சொல்லி, அதுபற்றிய கட்டுரைத் தொடரின் மூன்றாம் பகுதியை 1894இல் ராயல் கழகம் ஏற்க மறுத்தது. இன்று பொறியியல் மாணவர் லாப்லாஸ் மாற்றம் என்ற பெயரில் கற்பது பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சிகாகோ மாநாட்டுக்கு வந்திருந்த பொறியாளர்களில் கலப்பெண் பழகியவர் சிலரே. எனவே ஸ்டைன்மெட்ஸ் பாடநூல் எழுதத் தொடங்கினார். எர்ன்ஸ்ட் பெர்க்குடன் சேர்ந்து அவர் எழுதிய மாறுதிசை மின்சார நூல் 1897இல் வெளிவந்தது. அப்போது அவர் நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தார். மைசூர் அரசு தன் முதற்பெரும் மின்திட்டத்தின் மின்னாக்கிகளுக்கு நாடியது அந்நிறுவனத்தையே.

காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அன்று ஆற்றின் ஒரு கரை மைசூர். மறுகரை சென்னை மாகாணக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம். விழும் நீரின் திறனை மின்சாரமாக்கிக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தை, திவான் சேஷாத்திரி ஐயரின் ஆட்சிக்காலத்தில் பொறியாளர் ஜோலி தி லோத்பினியே முன்னெடுத்தார். நீர்ச்சுழலிகள் சூரிச்சின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும் மின்னாக்கிகள் ஷெனெக்டடியிலிருந்தும் வந்தன. மும்முனை மாறுதிசை மின்சாரம், முப்பதாயிரம் வோல்ட் அளவில், 92 மைல், அதாவது ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து 1902 ஜூன் இறுதியில் தங்கவயலை அடைந்தது. சேஷாத்திரி ஐயர் அதைக் காணவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் மறைந்திருந்தார்.

இத்தடம் 'உலகிலேயே நீளமானது' என்றும், இந்நிலையம் 'ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம்' என்றும் ஆண்டுதோறும் பகிரப்படுகின்றன. இரண்டும் சரியல்ல. ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு 1891இலேயே 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மும்முனை மின்சாரம் அனுப்பிக் காட்டினர். டார்ஜிலிங் நகருக்கு மின்சாரம் தந்த நீர்மின் நிலையம் 1897இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் கியோத்தோ அதற்கும் முந்தியது. இத்தகைய பட்டங்கள் இல்லாமலே சிவசமுத்திரத்தின் சிறப்பு நிற்கும். மாநாட்டு மேடையில் கலப்பெண் அறிமுகமாகி ஒன்பதே ஆண்டுகளில், அக்கணக்கு தவறினால் பெருநட்டமாகக்கூடிய ஒரு தடம் இந்திய மண்ணில் வணிக ஒப்பந்தத்தின்கீழ் நாள்தோறும் இயங்கியது.

அங்கே தேர்ந்த அதிர்வெண் வினாடிக்கு 25 சுழற்சி. இன்றைய 50இல் பாதி. சுருள் மறுப்பு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதிர்வெண் பாதியானால் மறுப்பும் பாதியாகும். இத்தகைய வான்வழிக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிஹென்றி தூண்டல் என்று தோராயமாகக் கொண்டால், 147 கிலோமீட்டருக்கு 25 சுழற்சியில் ஏறத்தாழ 23 ஓம்; 50 சுழற்சியில் 46. நெடுந்தொலைவுக்குத் தாழ்ந்த அதிர்வெண் நன்று. விளக்குக்கு அது நன்றன்று. 25 சுழற்சியில் ஒளியின் துடிப்பைக் கண் உணர்ந்துவிடும். ஆனால் முதல் நுகர்வோர் விளக்குக்காக மின்சாரம் கேட்கவில்லை. ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் இருந்த சுரங்கங்களுக்குப் பாறை பொடிக்கவும் பொறிகளை ஓட்டவும்தான் மின்சாரம் தேவைப்பட்டது.

அச்சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பங்கினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்கள். காவிரிநீரின் திறன் அவர்கள் வெட்டிய பாறையைப் பொடித்தது. தடம் கடந்துசென்ற 147 கிலோமீட்டரில் இருந்த ஊர்களுக்கு 1902இல் ஒரு விளக்கும் கிடைக்கவில்லை. எந்த இடத்திலும் மின்மாற்றி வைத்து அழுத்தத்தை இறக்கிக்கொள்ளலாம் என்பதே மாறுதிசை மின்சாரத்தின் தலையாய வசதி. இறக்கித் தராதது கணிதத்தின் குறை அன்று. ஒப்பந்தம் சுரங்கத்தோடு மட்டுமே போடப்பட்டிருந்தது. பெங்களூரின் தெருவிளக்குகள் அத்திட்டத்தின் மின்சாரத்தில் எரியத் தொடங்கியது மூன்றாண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டில்.